ஒரு தையல் லைனில் லீன்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

விரயத்தைக் குறைத்து வேலையைத் தேங்காமல் ஓடவைக்கும் முறைக்கு லீன் என்று பெயர். கம்பெனியில் லீன் வகுப்பு நடக்கும். மறுநாள் தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள். சுவரில் ஆலோசனைப் பெட்டி ஒன்று ஏறும். ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்தால் மிட்டாய் உறையும் நூல் பிசிறும் கிடக்கும். நான் போன கம்பெனிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லா இடத்திலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருந்தார்கள்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. திருப்பூரில் சாதாரணமாக ஓடும் ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட் லைனை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஏழு ஆபரேஷன் (தனித்தனித் தையல் வேலை), ஓவர்லாக், பிளாட்லாக் என்ற இரண்டு வகைத் தையல் மெஷின், ஒரு லைன் சூப்பர்வைசர், ஒன்றிரண்டு ஹெல்பர். உங்களுடையது லேத் பட்டறையோ பேக்கரியோ ஆனாலும் வரிசை இதேதான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்டாப்வாட்ச் (போனில் இருப்பதே போதும்), ஒரு வெள்ளைப் பலகை, கறுப்பு, சிவப்பு மார்க்கர், ஒரு நோட்டு. மென்பொருள் எதுவும் இப்போது வேண்டாம். கையால் எழுதினால்தான் சூப்பர்வைசர் அந்த எண்ணை நின்று யோசிப்பார்.

முதலாளியின் நேரம் வாரத்துக்கு அரை மணி, லைனுக்குப் பக்கத்தில் நின்றபடி. இது கிடைக்காது என்றால் தொடங்காதீர்கள். நடுவழியில் பணமோ ஆளோ தேவைப்படும்போது முடிவெடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆலோசகரை வைத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) லீன் திட்டம் இருக்கிறது. 2023 மார்ச்சில் புது வடிவில் தொடங்கியபோது, அடிப்படை, இடைநிலை, மேம்பட்டது என்று மூன்று நிலைகள் வைத்து, ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்று அறிவித்தார்கள். அந்த நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு வேண்டும். சேர்வதற்கு முன் இப்போதைய நிபந்தனைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆலோசகர் வந்தாலும் கீழே உள்ள முதல் படியை நீங்கள்தான் செய்ய வேண்டும். அதை அவரிடம் விட முடியாது.

1. முதலில் கூலியைப் பேசி முடியுங்கள்

இதைத் தாண்டிப் போய் நானே அடிபட்டிருக்கிறேன். பீஸ் ரேட்டில் (தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி) ஓடிய ஒரு லைனில் தேக்கத்தைக் குறைத்து, வேலையைப் பிரித்து, உற்பத்தியையும் ஏற்றிவிட்டோம். எல்லோருக்கும் சந்தோஷம், சனிக்கிழமை சம்பளக் கவர் வரும்வரை. லைனிலேயே வேகமான ஓவர்லாக் டெய்லருக்கு வழக்கத்தைவிடக் கூலி குறைந்திருந்தது. முன்பெல்லாம் பக்கத்தில் கட்டுக் கட்டாகக் குவித்து வைத்து விடாமல் தைத்தவர், இப்போது முந்தைய மெஷினுக்காகக் காத்திருந்தார். திங்கட்கிழமை அவரும் வரவில்லை, அவருடைய தங்கையும் வரவில்லை. திருப்பூரில் நல்ல டெய்லருக்கு அடுத்த கம்பெனி பத்து நிமிட நடை தூரம்.

ஆகவே தொடங்கும் முன் இரண்டு விஷயத்தை முதலாளி வாயாலேயே சொல்ல வேண்டும். ஒன்று, சோதனை நடக்கும் வாரங்களில் யாருடைய கூலியும் முந்தைய நான்கு வாரச் சராசரிக்குக் கீழே போகாது. இரண்டு, மிச்சமாகும் நேரத்தைக் காட்டி யாரையும் நிறுத்த மாட்டோம். ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுப்பவர்கள் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கூலி அவர் கையில் இருக்கிறது.

பிறகு லைன் மொத்தத்துக்கும் சேர்த்து ஊக்கத்தொகை வைப்பதா, ஷிப்ட் கூலிக்கு மாறுவதா என்று யோசிக்கலாம். இப்போதைக்கு யாருக்கும் நஷ்டம் இல்லை என்ற உறுதி போதும்.

2. ஒரு லைன், ஒரு அளவு

ஆறு லைன் இருந்தால் ஒன்றை மட்டும் எடுங்கள். மிக மோசமான லைனை எடுக்காதீர்கள். அங்கே ஆள் பற்றாக்குறை, மெஷின் கோளாறு, சூப்பர்வைசர் சண்டை எல்லாம் கலந்து கிடக்கும். எது எதனால் சரியானது என்றே தெரியாது. சூப்பர்வைசர் கொஞ்சம் ஆர்வமாக இருக்கும் நடுத்தர லைன் நல்லது.

அளவும் ஒன்றுதான். “ஒரு நாளில் முதல் செக்கிங்கிலேயே தேறிய பீஸ் எத்தனை?” ஆல்டருக்கு (குறையைச் சரிசெய்ய) திரும்பிப் போய் வந்த பீஸ் இதில் சேராது. வெறும் உற்பத்தி எண்ணிக்கையைப் பிடித்தால் அவசரத்தில் குறை கூடும். வெறும் குறையைப் பிடித்தால் வேகம் விழும். இந்த ஒரே எண்ணில் இரண்டும் அடங்கிவிடுகிறது.

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் இந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். புதியவர்களுக்கு இந்த ஒரு வாரம் பொறுக்காது. ஆனால் பழைய எண் இல்லாவிட்டால், மூன்றாவது மாதம் “இதெல்லாம் செய்து என்ன கண்டோம்” என்று கேட்பவருக்குச் சொல்லப் பதில் இருக்காது.

3. நின்று பாருங்கள்

இரண்டு மணி நேரம், ஒரே இடத்தில், போனை உள்ளே வைத்துவிட்டு. முதல் அரை மணி எல்லோரும் உங்களுக்காக வேகமாகத் தைப்பார்கள். அதற்கப்புறம்தான் உண்மையான லைன் தெரியும்.

யார் வேலை செய்கிறார் என்று பார்க்காதீர்கள். துணி எங்கே சும்மா கிடக்கிறது என்று பாருங்கள். லீனில் சொல்லும் ஏழு வகை விரயங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லைனில் அவை வேறு உருவத்தில் நிற்கும். மெஷினுக்குக் கீழே குவிந்த கட்டு, நூல் கோன் தேடிப் போன ஹெல்பர், ஒவ்வொரு பீஸுக்கும் குனிந்து எடுக்கும் டெய்லர், ஆல்டர் மூட்டை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள், தீர்வை எழுதாதீர்கள். முதல் நாளே தோன்றும் தீர்வு பெரும்பாலும் வேறு கம்பெனியில் பார்த்த தீர்வாகத்தான் இருக்கும்.

4. நேரம் எடுத்து, தேவையோடு ஒப்பிடுங்கள்

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். ஷிப்மென்ட் தேதிப்படி ஒரு நாளைக்கு 800 பீஸ் வேண்டும், வேலை நேரம் 480 நிமிடம் என்றால், 28,800 வினாடியை 800-ஆல் வகுக்க 36 வரும். 36 வினாடிக்கு ஒரு பீஸ் லைனை விட்டு இறங்க வேண்டும். இதைத்தான் டாக்ட் டைம் என்கிறார்கள்.

இப்போது ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பத்துப் பீஸ் தைக்க ஆகும் நேரத்தை எடுத்து, பத்தால் வகுத்து, களைப்பு, நூல் அறுந்து கோர்ப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிக் கூட்டிய பிறகு எனக்கு ஒரு லைனில் கிடைத்தது இது: ஷோல்டர் 17, கழுத்து ரிப் 31, பின்கழுத்து டேப் 35, கை மடிப்பு 26, கை மாட்டுவது 40, சைடு 48, பாட்டம் 29 வினாடி.

மொத்தம் 226 வினாடி. நான்கு நிமிடம்கூட இல்லை. ஆனால் சைடு அடிக்க 48 வினாடி ஆவதால் லைன் எவ்வளவு முக்கினாலும் ஒரு நாளைக்கு 600 பீஸ்தான் வரும். மற்ற ஆறு பேரை விரட்டுவதால் ஒரு பீஸ்கூடக் கூடாது. சைடு டெய்லருக்குப் பக்கத்தில் குவியல்தான் கூடும்.

சைடு டெய்லரைக் கவனித்தபோது, ஒவ்வொரு பீஸிலும் வாஷ்கேர் லேபிளைக் கட்டிலிருந்து பிரித்து, சைஸ் பார்த்து, திருப்பி வைத்துத் தைப்பது தெரிந்தது. லேபிளைப் பிரித்துச் சைஸ்படி கட்டோடு சேர்த்து வைக்கும் வேலையை ஹெல்பருக்கு மாற்றினோம். 48 வினாடி 41 ஆனது. செலவு ஒன்றும் இல்லை.

மீதி? ஷோல்டர் டெய்லருக்கு 800 பீஸும் தைக்க நான்கு மணி நேரம்கூட ஆகாது. அவர் கையிலும் ஓவர்லாக்தான். சைடிலும் கை மாட்டுவதிலும் குறையும் பீஸ்களைக் கணக்குப் போட்டால் இரண்டு மணி நேர வேலைதான் வருகிறது. கூடுதலாக ஒரு ஓவர்லாக்கைப் போட்டு, அந்த இரண்டு மணி நேரம் அவரை அங்கே உட்காரவைத்தால் 800 எட்டும். ஆள் கூட்டாமலே எட்டும்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, டெய்லருக்குச் சொல்லாமல் ஒளிந்து நின்று நேரம் எடுப்பது. ஒருமுறை பிடிபட்டால் அதன் பிறகு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் எதுவும் உண்மையாக இருக்காது. முன்னாலேயே சொல்லிவிட்டு, எடுத்த எண்ணை அவரிடமே காட்டுங்கள்.

5. தேக்கத்தை எண்ணிக் குறையுங்கள்

லைனில் கிடக்கும் பீஸ் எல்லாவற்றையும் எண்ணுங்கள். மடியில், பெட்டியில், மெஷினுக்கு அடியில் இருப்பது உட்பட. 1,500 பீஸ் இருந்து, நாளைக்கு 600 பீஸ் இறங்கினால், இன்று உள்ளே போகும் துணி வெளியே வர இரண்டரை நாள் ஆகும். நான்கு நிமிட வேலைக்கு இரண்டரை நாள்.

இதில் துணி முடங்குவதைவிட மோசமானது குறை ஒளிந்துகொள்வது. கழுத்து ரிப் இன்று காலை தப்பான டென்ஷனில் மாட்டப்பட்டால், கடைசிச் செக்கிங்கில் அது தெரிவது நாளை மறுநாள். அதுவரை அந்த மெஷின் அதே தப்பைத் தைத்துக்கொண்டே இருக்கும்.

கட்டைச் சிறிதாக்குங்கள். 30 பீஸ் கட்டு 10 ஆகட்டும். இரண்டு மெஷினுக்கு நடுவில் இரண்டு கட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்று வைத்து, அந்த இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டுங்கள். ஆறு இடைவெளியில் 120, ஏழு பேர் கையில் 70, ஆக 190 பீஸ். நாளைக்கு 800 இறங்கும் லைனில் இது இரண்டு மணி நேரத் தேக்கம்தான். காலையில் நடந்த தப்பு டீ நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

இரண்டு கட்டு நிறைந்துவிட்டால் முந்தைய டெய்லர் தைப்பதை நிறுத்த வேண்டும். இதைத்தான் யாராலும் ஜீரணிக்க முடியாது. மெஷின் சும்மா நின்றால் சூப்பர்வைசருக்கு உடம்பு பதறும். நிற்கும் அந்த டெய்லர் தேங்கியிருக்கும் இடத்துக்கு உதவப் போகட்டும். முதல் படியில் கூலிக்கு உறுதி கொடுத்திருந்தால்தான் அவர் எழுந்து போவார்.

ஒரு எச்சரிக்கை. பனியன் துணியில் ரோலுக்கு ரோல் ஷேடு மாறும். கட்டைப் பிரிக்கும்போது கட்டிங்கில் போட்ட பீஸ் நம்பர் கலந்துவிட்டால், ஒரே டி-ஷர்ட்டில் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று வந்து நிற்கும். கட்டைச் சிறிதாக்குவது கட்டிங் டேபிளிலேயே நடக்க வேண்டும், லைனுக்கு வந்த பிறகு அல்ல.

6. 5எஸ் இப்போதுதான்

வேண்டியது, வேண்டாதது பிரிப்பது, இடம் குறிப்பது, சுத்தம், அதை வழக்கமாக்குவது, விடாமல் பிடிப்பது. இவ்வளவுதான் 5எஸ். பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் 1,500 பீஸ் கிடக்கும் லைனில் எதை அடுக்கி வைப்பது? தேக்கம் குறைந்த பிறகு அடுக்க வேண்டியதே பாதியாகிவிடும்.

டெய்லர் கை நீட்டும் தூரத்தில் கத்தரி, ஊசி, லேபிள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போட்டோவுக்காகச் செய்யும் 5எஸ், பையர் (ஆர்டர் கொடுக்கும் கம்பெனி) ஆடிட் முடிந்த மறுநாளே போய்விடும்.

7. மணிப் பலகை

லைன் தொடக்கத்தில் பலகை வையுங்கள். நான்கு கட்டம்: மணி, இலக்கு, தேறிய பீஸ், காரணம். இலக்கு மணிக்கு 100. குறைந்தால் எண்ணைச் சிவப்பில் எழுதி, காரணக் கட்டத்தில் ஏன் என்று சூப்பர்வைசர் எழுத வேண்டும். காரணக் கட்டம் இல்லாத பலகையால் ஒரு பயனும் இல்லை.

“ஆள் இல்லை”, “மெஷின் பிராப்ளம்” என்று எழுதினால் ஏற்காதீர்கள். “3-ஆம் நம்பர் பிளாட்லாக் லூப்பர் நூல் அறுந்தது, 14 நிமிடம்” என்று எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பலகையே சொல்லிவிடும்.

சிவப்பு எண்ணைப் பார்த்து முதலாளி லைனிலேயே சத்தம் போட்டால், மறுநாளிலிருந்து சிவப்பே வராது. எல்லா மணியிலும் 98, 101, 99 என்று அழகாக இருக்கும். அப்படி ஒரு பலகையைப் பார்த்தால் செக்கிங் நோட்டை வாங்கிக் கூட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

8. ஒரு குறையை எடுத்து அடிவரை போங்கள்

பலகையில் அதிகம் வரும் ஒரே காரணத்தை எடுங்கள். எங்கள் லைனில் அது நீடில் ஹோல். தையல் ஓரத்தில் பொடிப் பொடியாக ஓட்டை. ஒரு துவைப்புக்குப் பிறகு பெரிதாகும்.

ஏன் ஓட்டை? ஊசி முனை மழுங்கி, நூலிழையை விலக்காமல் அறுக்கிறது. பனியன் துணிக்கான உருண்டை முனை கொண்ட பால் பாயிண்ட் ஊசிதான், சரியான ஊசிதான், ஆனால் தேய்ந்த ஊசி. ஏன் தேய்ந்த ஊசியில் தைக்கிறார்கள்? உடைந்தால்தான் மாற்றுகிறார்கள். ஏன்? இதற்குப் பதில் அலுவலக அறையில் கிடைக்கவில்லை. சைடு டெய்லர் அக்காதான் சொன்னார்: “ஊசி மாத்தணும்னா ஸ்டோருக்குப் போகோணுமுங்க சார். பழைய ஊசியக் குடுத்து, நோட்டுல ஒட்டி, கையெழுத்துப் போட்டு வர்றதுக்குள்ள கால் மணி நேரம். எனக்கு இருபது பீஸ் போயிருமுங்க.”

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் கண்டுபிடித்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும் என்பது பையர்களின் விதி. குழந்தை உடுப்பில் ஊசித் துண்டு போய்விட்டால் என்ன ஆகும்? விதி நியாயமானது, அதைத் தொடக் கூடாது. ஆனால் உடையாத, மழுங்கிய ஊசிக்கும் அதே நடைமுறையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

செய்தது இவ்வளவுதான். தினமும் காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் சூப்பர்வைசர் பூட்டுப் போட்ட பெட்டியோடு வந்து, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பார். ஒன்றுக்கு ஒன்று, கணக்கு அவர் பொறுப்பு. உடைந்த ஊசிக்கு மட்டும் பழைய ஸ்டோர் நடைமுறை.

“டெய்லர் கவனக்குறைவு” என்ற பதிலோடு யாராவது நின்றுவிட்டால், இன்னும் ஒரு ‘ஏன்’ கேளுங்கள். ஆள் பெயரில் முடியும் ‘ஏன்’ பாதியில் நின்ற ‘ஏன்’.

9. சிறிதாகச் சோதித்து, பிறகு நிலையாக்குங்கள்

ஊசி மாற்றத்தை முதலில் இரண்டு ஓவர்லாக்கில் மட்டும் ஒரு வாரம் செய்தோம். அந்த இரண்டு மெஷினின் நீடில் ஹோலைத் தனியாக எண்ணினோம். குறைந்ததைப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எண் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று சொல்ல முடியாது.

பலன் தெரிந்ததும் அதை வேலை முறையாக எழுதி ஒட்டுங்கள். திருப்பூர் லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. தமிழில் பக்கம் பக்கமாக எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது. ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்த நிலையிலும் ஒரு பீஸை அட்டையில் குத்தி, பக்கத்திலேயே தப்பாகத் தைத்த பீஸ் ஒன்றில் சிவப்பு நூல் கட்டித் தொங்கவிடுங்கள். கையால் தொட்டுப் பார்க்கலாம்; எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

10. சொன்னவருக்குப் பதில் சொல்லுங்கள்

இப்போது யோசனை கேட்கலாம். பெட்டி வேண்டாம். காலையில் மெஷின் ஓடுவதற்கு முன், கூலியில் சேரும் நேரத்தில், பலகை முன்னால் பத்து நிமிடம் நின்று பேசுங்கள். நேற்று எது தடுத்தது, இன்று எது தடுக்கும், யார் பார்ப்பது.

முதல் இரண்டு வாரம் வருவது எல்லாம் மின்விசிறி, தண்ணீர்க் கேன், ஸ்டூல் உயரம். “இதெல்லாம் லீனா?” என்று முகம் சுளிக்காதீர்கள். உங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். விசிறி வந்துவிட்டால், மூன்றாவது வாரம் லேபிள் பற்றிச் சொல்வார்கள்.

எந்த யோசனைக்கும் இரண்டு நாளில் பதில். முடியாது என்றால் முடியாது, காரணத்தோடு. பதிலே வராமல் கிடந்தால் அந்த ஆள் மறுபடி வாய் திறக்க மாட்டார். யோசனைக்குப் பெரிய பணப் பரிசு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. யார் முதலில் சொன்னது என்ற சண்டையில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். செய்த மாற்றத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

11. அடுத்த லைனுக்கு எப்போது போவது

எண் ஏறிய உடனே போகாதீர்கள். முதல் லைன் இரண்டு விஷயத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஒன்று, ஸ்டைல் மாற்றம். ரவுண்ட் நெக் முடிந்து காலர் டி-ஷர்ட் வந்தால் நேரம், கட்டு இடைவெளி, மாதிரி அட்டை எல்லாம் செல்லாமல் போகும். அவற்றைச் சூப்பர்வைசர் உங்களைக் கூப்பிடாமல் தானே மறுபடி எடுக்கிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்று, பொங்கல் அல்லது தீபாவளி லீவு. ஊருக்குப் போனவர்களில் கொஞ்சம் பேர் ஒரு வாரம் தள்ளித்தான் வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். பாதி ஆளோடு ஓடும் அந்த வாரத்தில் பலகையில் காரணம் எழுதப்படுகிறதா, காலையில் ஊசிப் பெட்டி சுற்றி வருகிறதா என்று பாருங்கள். நின்றுபோயிருந்தால் அடுத்த லைனைத் தள்ளிப்போட்டு, ஏன் நின்றது என்று எட்டாவது படியில் செய்த மாதிரியே கேளுங்கள்.

இரண்டாவது லைனில் நீங்கள் போய்ச் சொல்லிக் கொடுக்காதீர்கள். முதல் லைன் டெய்லர் ஒருவரை இரண்டு நாள் அங்கே அனுப்புங்கள், கூலி குறையாமல். எங்களுக்கு அந்தச் சைடு டெய்லர் அக்காதான் போனார். போன முதல் நாளே அங்கிருந்த ஹெல்பரிடம், “லேபிளப் பிரிச்சு வச்சிரு கண்ணு, மீதிய அப்புறம் பேசிக்கலாம்” என்று தொடங்கிவிட்டார்.